நடுராத்திரி வலி: பித்தப்பைக் கல் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் பித்தப்பை வலி பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். தாமிரபரணிக்கு இந்தக் கரையிலிருந்தும் அந்தக் கரையிலிருந்தும் வந்து குவிந்துவிட்டன. பாதிப் பேர் பெயர் வேண்டாம் என்று எழுதியிருந்ததால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். வயிற்று அறுவை மருத்துவர்களும் ஓர் உணவியல் நிபுணரும் பதில் சொல்கிறார்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: எனக்கு 42 வயது. நாலு மாதத்தில் மூன்று முறை, ராத்திரி ஒரு மணி வாக்கில் நெஞ்சுக்குழியில் வலி பிடித்து வலது தோள்பட்டைக்குப் பின்னால் ஏறுகிறது. கடைசியாக வந்தது நாத்தனார் மகளின் மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு முடிந்த அன்று. இரண்டு மணி நேரம் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் ஓமத் தண்ணீரும் சோடாவும் கொடுத்தார், விட்டுவிட்டது. கேஸ்தான் என்கிறார். அப்படித்தானா?

சோடா குடிக்காமல் இருந்திருந்தாலும் விட்டிருக்கும். கல்லீரலுக்கு அடியில் 7 முதல் 10 செ.மீ. நீளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பைதான் பித்தப்பை. 30 முதல் 50 மி.லி. பித்தநீர் பிடிக்கும். கொழுப்புள்ள சாப்பாடு சிறுகுடலின் தொடக்கத்தைத் தொட்டதும் அங்கிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பிப் பித்தப்பையைச் சுருங்கச் சொல்லும். பைக்குள் கல் இருந்தால், சுருங்கும் வேகத்தில் அது கழுத்துப் பகுதியில் போய் அடைத்துக்கொள்ளும். அடைப்பை எதிர்த்துப் பை அழுத்துவதுதான் நீங்கள் சொல்லும் வலி. கொஞ்ச நேரத்தில் பை சோர்ந்து தளர, கல் மறுபடி உள்ளே விழும். வலி போய்விடும். அந்த நேரத்தில் கையில் எது இருந்ததோ, சோடாவோ ஓமமோ சுடுதண்ணீர் ஒத்தடமோ, அதற்குப் பெயர் கிடைத்துவிடும்.

கேஸ் வலிக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கேஸ் இடம் மாறும், ஏப்பம் விட்டாலோ காற்றுப் பிரிந்தாலோ குறையும். பித்தப்பை வலி ஒரே இடத்தில் நிற்கும். பிரசவ வலிபோல் ஏறி இறங்காது. ஏறி உச்சிக்குப் போய் அங்கேயே அரை மணி முதல் நாலைந்து மணி நேரம் வரை நிற்கும். வாந்தி வரும், வந்தாலும் வலி குறையாது. நடந்தாலும் குனிந்தாலும் ஒன்றுதான். வலது தோள்பட்டை எலும்புக்கு அடியில் போய்க் குத்துவது இதன் கையெழுத்து. உங்கள் கடிதத்தில் இவ்வளவும் இருக்கிறது. தேங்காயின் முதல் பாலில் கொதித்த சொதிக்குப் பிறகு வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வயிற்று ஸ்கேன் எடுங்கள். அதற்கு முன் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது. பால், காப்பி கூட வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் போனால் பை சுருங்கிக் கிடக்கும், கல் கண்ணுக்குத் தப்பும். காலையில் முதல் ஆளாகப் போய்விடுவது நல்லது. பைக்குள் இருக்கும் கல்லைக் கண்டுபிடிக்க சி.டி. ஸ்கேனைவிடச் சாதாரண அல்ட்ராசவுண்டே மேல். கொழுப்புக் கற்கள் பலவும் சி.டி.யில் பித்தநீரோடு நிறம் கலந்து மறைந்துவிடும். கூடுதலாகச் செலவழித்து சி.டி.யிலிருந்து தொடங்க வேண்டாம்.

இன்னொன்று. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நெஞ்சுக்குழியில் புதிதாக வலி வந்தால் முதலில் எடுக்க வேண்டியது இ.சி.ஜி. இதயத்தின் அடிப்பகுதியில் வரும் மாரடைப்பு அச்சாக இப்படித்தான், வாந்தியோடும் வியர்வையோடும் வரும். சர்க்கரை உள்ளவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். அடுத்த முறை வலி வந்தால் ஓமத்தை அடுப்பில் வைப்பதற்கு முன் வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். வலி ஐந்து மணி நேரத்தைத் தாண்டினாலும், காய்ச்சலோ நடுக்கமோ வந்தாலும், கண் மஞ்சளானாலும் காலை வரை பொறுக்கக் கூடாது.

வள்ளியூரிலிருந்து: மதினிக்கு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'மல்டிபிள் கால்குலை, லார்ஜஸ்ட் 8 மி.மீ., வால் திக்னஸ் 3 மி.மீ., நோ பெரிகோலிசிஸ்டிக் ஃப்ளூயிட், சி.பி.டி. 5 மி.மீ.' என்று இருக்கிறது. எட்டு மில்லிமீட்டர் சின்னக் கல்தானே, பயப்பட வேண்டியதில்லை என்று ஒருவர் சொல்கிறார். இரண்டு தடவை வலி வந்திருக்கிறது.

கால்குலை என்றால் கற்கள். கல்லின் அளவை மட்டும் பார்ப்பதுதான் நாம் செய்யும் தவறு. இந்த ரிப்போர்ட்டில் அதைவிட முக்கியமானவை மற்ற மூன்று வரிகள்.

சுவர் 3 மி.மீ. வரை இருந்தால் சரி. அதைத் தாண்டித் தடித்திருந்தால் பை வீங்கியிருக்கிறது, அல்லது பல முறை வீங்கி ஆறியிருக்கிறது என்று பொருள். பெரிகோலிசிஸ்டிக் ஃப்ளூயிட் என்பது பைக்கு வெளியே கோத்த நீர். அது இருந்தால் கடுமையான அழற்சி என்று எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மதினிக்கு இல்லை. சி.பி.டி. என்பது கல்லீரலிலிருந்து சிறுகுடலுக்கு வரும் பொதுப் பித்தக்குழாய். 6 மி.மீ. வரை இயல்பு. வயது ஏறினாலும், ஏற்கெனவே பித்தப்பையை எடுத்திருந்தாலும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். மற்றவர்களுக்கு அது விரிந்திருந்தால், கல் ஒன்று பையை விட்டு இறங்கிக் குழாயில் நிற்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். பைக்குள் இருக்கும் கல்லைத் துல்லியமாகக் காட்டும் அதே அல்ட்ராசவுண்டு, குழாயில் இருக்கும் கல்லை அடிக்கடி தவறவிடும். குடலில் உள்ள காற்று மறைத்துவிடுவதுதான் காரணம். அதனால் ரத்தத்தில் பிலிருபின், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ஆல்கலைன் பாஸ்படேஸ் ஆகிய கல்லீரல் அளவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவை உயர்ந்திருந்தால் அடுத்தது பித்தக்குழாயைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன். உயராமலும் குழாய் விரியாமலும் இருந்தால் அந்தச் செலவு வேண்டாம்.

இப்போது அளவுக்கு வருவோம். பெரிய கல் பைக்குள் மாட்டிக்கொண்டு வலி தரும். அரிசி, கடுகு அளவுக் கற்கள் நழுவிக் குழாய்க்குள் இறங்கி, கடைசியில் கணையக் குழாயும் பித்தக்குழாயும் சேரும் வாயை அடைக்கும். அதனால் வருவது கணைய அழற்சி, அது உயிருக்கே உலை வைக்கும். சின்னக் கல் என்பது ஆறுதல் இல்லை. மதினிக்கு இரண்டு முறை வலி வந்துவிட்டது, குழாய் நன்றாக இருக்கிறது. நாள் குறித்து ஆபரேஷன் செய்துகொள்ள இதைவிட நல்ல நேரம் அமையாது.

களக்காட்டிலிருந்து: எங்கள் ஊரில் வாழைத்தண்டுக்குப் பஞ்சமில்லை. தினம் ஒரு டம்ளர் வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும் குடித்தால் பித்தக்கல் கரையும் என்கிறார்கள். எங்க ஆச்சி குடல் தட்டினாலே சரியாகும் என்கிறாள். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்துக் கல்லை வெளியேற்றியதாக ஒரு வீடியோவும் பார்த்தேன்.

மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

வாழைத்தண்டு, சிறுபீளை, நெருஞ்சில் எல்லாம் சிறுநீர்க் கல்லுக்காகச் சொல்லப்படுபவை. சிறுநீர் கூடுதலாகப் போனால் சின்னக் கல் அதோடு வெளியேற வழி இருக்கிறது. பித்தப்பைக்கும் சிறுநீருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் குடிப்பது, கிணற்றில் அடைப்பு என்றதும் வாய்க்காலைத் தூர் வாருவது போல. சாறு கெடுதல் செய்யாது, பொரியலாகச் சாப்பிடுங்கள், நார்ச்சத்து நல்லது. கல்லுக்காக மட்டும் வேண்டாம்.

ஆலிவ் எண்ணெய் வீடியோவில் மறுநாள் மலத்தில் மிதக்கும் பச்சை உருண்டைகளைக் கல் என்று காட்டுவார்கள். குடித்த எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடலில் செரிமான நீரோடு சேர்ந்து சோப்பாகத் திரண்டவைதான் அவை. வெளியே எடுத்து வெயிலில் வைத்தால் உருகும். கல் உருகாது. அதற்கு முன்பே ஒரு டம்ளர் எண்ணெய் பித்தப்பையை முழு மூச்சாகச் சுருக்கியிருக்கும். உள்ளே கல் உள்ளவர் வயிற்றில் அதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை.

ஆச்சியிடம் மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள். குடல் தட்டுவது, எண்ணெய் போட்டு வயிறு வழிப்பது இதெல்லாம் வீங்கிய பித்தப்பை மேல் நடந்தால் பை கிழியக்கூடும். சீழ் வயிறெங்கும் பரவும். வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தி, மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லும்போது வலியால் மூச்சு பாதியில் நின்றால் அது வீங்கிய பித்தப்பைதான். அந்த வயிற்றின் மேல் யாரும் கை வைக்கக் கூடாது.

கேட்காமலே இன்னொன்றையும் சொல்லி வைக்கிறோம். குழாயை கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். அது கீழாநெல்லியால் போகும் என்று சொல்லப்படும் காமாலை அல்ல. சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போய், மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, உடம்பெல்லாம் அரித்தால் அடைப்புக் காமாலை. பச்சிலை குடித்துப் பத்தியம் இருக்கும் பதினைந்து நாளில் குழாய்க்குள் சீழ் பிடித்துவிடும்.

சங்கரன்கோவிலிலிருந்து: கல்லைக் கரைக்க மாத்திரை இருக்கிறதாமே? கத்தி வைக்காமல் முடியுமா?

இருக்கிறது, அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்று பெயர். உடல் எடை கிலோவுக்கு 8 முதல் 10 மில்லிகிராம் கணக்கு. 60 கிலோ உள்ளவர் 300 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் இரண்டு வேளை, ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை விடாமல் சாப்பிட வேண்டும். அது வேலை செய்ய மூன்று நிபந்தனைகள். கல் கொழுப்புக் கல்லாக இருக்க வேண்டும், சுண்ணாம்பு படிந்திருக்கக் கூடாது. 5 மி.மீ.க்குக் கீழ் இருந்தால் நல்லது, 10 மி.மீ.க்கு மேல் போனால் வீண். பித்தப்பை சுருங்கி விரியும் நிலையில், அதன் வாய் அடைபடாமல் இருக்க வேண்டும்.

நம் பக்கம் முதல் நிபந்தனையிலேயே பலருக்குத் தோற்றுவிடும். வட இந்தியாவில் கொழுப்புக் கற்கள் அதிகம். தென்னிந்தியாவில் கறுப்பு, பழுப்பு நிற நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும்தான் மிகுதி. பித்தநீரின் நிறப்பொருளும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகியவை இவை. இந்த மாத்திரை அவற்றைத் தொடாது. கரையும் கல் கரைந்துவிட்டால்கூட, மாத்திரையை நிறுத்திய ஐந்து வருடத்துக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மறுபடி கல் வருகிறது. பை அதே பைதானே.

ஆபரேஷனுக்கு உடம்பு தாங்காதவர்களுக்கும், ஸ்கேனில் கல்லாக உறையாத சேறு மட்டும் தெரிபவர்களுக்கும், எடை குறைக்கும் அறுவை செய்துகொண்டு வேகமாக இளைப்பவர்களுக்கும் இதற்கு இடம் உண்டு. வலி வந்து வந்து போகும் நடுத்தர வயதுக்காரர் வருடக்கணக்கில் இதைச் சாப்பிட்டுக்கொண்டு, நடுவில் ஒரு நாள் கணைய அழற்சியோடு வந்து சேருவதைப் போல வருத்தம் வேறில்லை. ஆறு மாதம் சாப்பிட்டு ஸ்கேனில் கல் சிறிதும் குறையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். சிறுநீர்க் கல்லை உடைப்பது போல வெளியிலிருந்து அலை செலுத்தி உடைக்கும் முறையும் ஒரு காலத்தில் இருந்தது. உடைந்த துண்டுகள் குழாயில் இறங்கி அடைத்ததாலும், கல் திரும்பி வந்ததாலும் அது ஏறக்குறையக் கைவிடப்பட்டுவிட்டது.

திசையன்விளையிலிருந்து: கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டு வைக்கக் கூடாதா? நல்ல உறுப்பை ஏன் வெட்டி எறிகிறார்கள்? ஆபரேஷனில் என்னதான் செய்கிறார்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலில் பித்தப்பையை முழுதாக எடுத்தார். அதற்கு முன் பையைத் திறந்து கல்லை எடுத்துவிட்டு மூடும் வழக்கம்தான் இருந்தது, கல் திரும்பத் திரும்ப வந்தது. கல் இருப்பதற்காக அல்ல, கல்லை உண்டாக்குவதற்காகவே பையை எடுக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். இன்றுவரை அது மாறவில்லை. கல்லீரல் ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. பை வெறும் இருப்பு வைக்கும் இடம். அது போனால் பித்தநீர் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக நேரே குடலுக்குப் போகும்.

துளை வழி ஆபரேஷன் இந்தியாவுக்கு 1990-இல் மும்பையில் டாக்டர் உத்வாடியா மூலம் வந்தது. இப்போது நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் அது அன்றாட வேலை. முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். ஆறு மணி நேரம் திட உணவு கூடாது, வெறும் தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். தொப்புள் அருகே 10 மி.மீ. துளை, அதன் வழியாகக் கேமரா. வயிறு கூடாரம் போல் எழும்பக் கார்பன் டை ஆக்சைடு வாயு நிரப்புவார்கள். நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு துளை, வலது பக்கம் 5 மி.மீ.யில் இரண்டு. பையை மேலே தூக்கிப் பிடித்து, அதன் கழுத்தைச் சுற்றியுள்ள கொழுப்பையும் சவ்வையும் துளித்துளியாக விலக்க வேண்டும். பைக்குள் போவது இரண்டே இரண்டு, ஒரு குழாய், ஒரு ரத்தநாளம் என்று கண்ணால் பார்த்து உறுதியான பிறகே கிளிப் போட்டு வெட்டுவார்கள். இந்த இடம்தான் ஆபரேஷனின் உயிர்நாடி. இங்கே பொதுப் பித்தக்குழாயைப் பையின் குழாய் என்று தவறாக எண்ணி வெட்டிவிடுவதுதான் மிக மோசமான விபத்து. ஆயிரத்தில் மூன்றிலிருந்து ஐந்து பேருக்கு நேர்வதாகக் கணக்கு. பிறகு கல்லீரலிலிருந்து பையை உரித்து, சிறு உறையில் போட்டுத் தொப்புள் துளை வழியே எடுப்பார்கள். சிக்கல் இல்லையென்றால் ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை.

பல முறை வீங்கி ஆறிய பை சுற்றிலும் ஒட்டிப் பாறையாக இருக்கும். அப்போது துளை வழி வேண்டாம் என்று வயிற்றைத் திறந்து செய்வதோ, பையின் அடிக்கழுத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுப்பதோ நல்ல மருத்துவரின் முடிவு. அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும்போதே 'தேவைப்பட்டால் திறந்து செய்வோம்' என்ற வரி இருக்கும், வாசித்துவிட்டுப் போடுங்கள். வலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவர்களுக்குத்தான் அந்த வரி அதிகம் பலிக்கிறது.

அன்று மாலையே எழுந்து நடக்கலாம், மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் வீடு. இரண்டு மூன்று நாள் தோள்பட்டை வலிக்கும், மீதி வாயு உதரவிதானத்தை உரசுவதால் வருவது, பயம் வேண்டாம். உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பத்து நாளில் போகலாம். தண்ணீர்க் குடம், வாழைத்தார், சிமெண்டு மூட்டை நாலு வாரத்துக்குத் தொடக்கூடாது, தொப்புள் துளையில் குடலிறக்கம் வந்துவிடும். வீட்டுக்கு வந்த பின் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். மாறாக வயிறு உப்பி, வலி கூடி, காய்ச்சலோ மஞ்சளோ தெரிந்தால் பித்தநீர் கசிகிறதோ என்று உடனே பார்க்க வேண்டும். எடுத்த பை பயாப்சிக்குப் போனதா என்று கேட்டு ரிப்போர்ட்டை வாங்கி வையுங்கள். உள்ளே இருக்கும் கிளிப் பெரும்பாலும் டைட்டானியம், பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்கத் தடை இல்லை.

கடையநல்லூரிலிருந்து: சவுதியில் வேலை. மெடிக்கல் செக்கப்பில் 14 மி.மீ. கல் ஒன்று இருப்பதாக வந்தது. இதுவரை ஒரு வலியும் இல்லை. அடுத்த மாதம் லீவு, வந்த கையோடு எடுத்துவிடவா?

ஒரு வலியும் இல்லையென்றால் எடுக்க வேண்டாம். இப்படிச் சும்மா கிடக்கும் கல் வைத்திருப்பவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் தொல்லை தொடங்குகிறது. பெரும்பாலோர் அதோடே வாழ்ந்துவிடுகிறார்கள். விதிவிலக்குகள் சில: கல் 3 செ.மீ.க்கு மேல், பையின் சுவரே சுண்ணாம்பாக இறுகியிருப்பது, கல்லோடு 10 மி.மீ. பாலிப் என்னும் சதை வளர்ச்சி, ரத்தச் சிவப்பணு உடையும் நோய்கள். உங்களுக்கு இவை எதுவும் இல்லை.

ஆனால் 'ஒரு வலியும் இல்லை' என்பதை நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். ராத்திரி மந்திக்கும் பிரியாணிக்கும் பிறகு 'அசிடிட்டி' என்று மாத்திரை போட்டுப் படுத்த நாட்கள் உண்டா? உண்டென்றால் லீவிலேயே முடித்துக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். மூன்று வாரம் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே ஆபரேஷன், கல்யாண வீடுகளெல்லாம் அப்புறம்.

சேரன்மகாதேவியிலிருந்து: அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் வலது வயிற்று வலி, குளிர் காய்ச்சல், கண் மஞ்சள். ஆஸ்பத்திரியில் சேர்த்து, வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். பித்தப்பையையும் எடுக்கச் சொல்கிறார்கள். நன்றாக இருக்கும்போது எதற்கு?

வலி, குளிர் காய்ச்சல், மஞ்சள் மூன்றும் சேர்ந்தால் பித்தக்குழாயில் சீழ் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். சரியான நேரத்தில் கொண்டுபோயிருக்கிறீர்கள். அவருக்குச் செய்தது இ.ஆர்.சி.பி. எண்டோஸ்கோப்பை வாய் வழியாகச் சிறுகுடல் வரை இறக்கி, பித்தக்குழாயின் வாயைச் சிறிதாக வெட்டி அகலமாக்கி, பலூனாலோ கூடையாலோ கல்லை இழுத்துப் போடுவது. அது குழாயைச் சுத்தம் செய்திருக்கிறது. கற்களை அனுப்பிக்கொண்டிருக்கும் பை அப்படியே இருக்கிறது. விட்டு வைத்தால் அடுத்த கல் இறங்கும்.

உடம்பு தேறியதும், முடிந்தால் இரண்டு வாரத்துக்குள் பையை எடுப்பது நல்லது. மாதக்கணக்கில் தள்ளிப் போட்டால் ஒட்டுதல் கூடும். ரத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குளோபிடோக்ரல் என்றால் வழக்கமாக ஐந்து நாள் முன்பு நிறுத்துவார்கள். இதய ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகவில்லை என்றால் அந்த முடிவை இதய மருத்துவர்தான் எடுக்க வேண்டும். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மயக்கம் தாங்காது என்று மருத்துவர்கள் சொன்னால், வீக்கம் வரும் சமயத்தில் விலா வழியாக ஊசிக் குழாய் வைத்துப் பையை வடிப்பது போன்ற தற்காலிக வழிகள் உண்டு.

இந்தப் பதிலில் மிக முக்கியமான வரி இதுதான்: பித்தக்குழாயில் வைத்த பிளாஸ்டிக் ஸ்டென்டை மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். வலி போனதும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மறந்த ஸ்டென்ட் அடைத்து, அதன் மேலேயே புதுக் கல் வளர்ந்து, பழைய காய்ச்சல் திரும்ப வரும். டிஸ்சார்ஜ் தாளில் தேதியைப் பார்த்து, காலண்டரில் இன்றே வட்டம் போட்டு வையுங்கள். அவருடைய இதய ஸ்டென்ட் வேறு, இது வேறு. வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

தென்காசியிலிருந்து: மகளுக்கு ஐந்தாம் மாதம். பித்தக்கல் வலி மூன்று தடவை வந்துவிட்டது. பிரசவம் வரை பொறுக்கலாமா?

மூன்று தடவை வந்தது அடிக்கடிதான். நாலு முதல் ஆறாம் மாதம் வரை துளை வழி ஆபரேஷன் பாதுகாப்பாகச் செய்யலாம். கடைசி மாதங்களில் கருப்பை இடத்தை அடைத்துக்கொள்ளும். மகப்பேறு மருத்துவரும் அறுவை மருத்துவரும் இருக்கும் இடத்தில் இந்த வாரமே காட்டுங்கள். டைக்ளோஃபினாக் ஊசி, மாத்திரை எதுவும் கடையில் வாங்கிப் போட வேண்டாம்.

பேட்டையிலிருந்து: ஆபரேஷனுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை என்ன சாப்பிடலாம்? முடிந்த பிறகு அல்வாவைத் தொடவே கூடாதா?

எந்தச் சாப்பாடும் கல்லைக் கரைக்காது, வலியைத் தூண்டாமல் பார்த்துக்கொள்ளத்தான் பத்தியம். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தேக்கரண்டி எண்ணெய், எல்லாச் சமையலுக்கும் சேர்த்து. மாதத்துக்கு அரை லிட்டரைவிடக் குறைவு. இட்லி, இடியாப்பம், ரசஞ்சோறு, மோர், பழைய சோறும் சின்ன வெங்காயமும், எண்ணெய் குறைத்த மீன் குழம்பு எல்லாம் சரி. காணத் துவையலில் தேங்காயைக் குறைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் புரோட்டாவும் சால்னாவும், சொதி, நல்லெண்ணெய் மிதக்கும் உளுந்தங்களி, அல்வா இவற்றை மூன்று வாரம் தள்ளி வைக்கலாம். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்கு முன்னால் முடியுங்கள்.

அதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள். வெகுநேரம் ஒன்றும் சாப்பிடாவிட்டால் பித்தநீர் பைக்குள் தேங்கிக் கெட்டியாகும். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்துவிட்டு, முடிந்த அன்று வயிறு நிறைய விருந்து சாப்பிட்டு ராத்திரி வலியோடு வருபவர்களை ஒவ்வொரு ஐப்பசியிலும் பார்க்கிறோம். கல் உள்ளவர்கள் விரதம் இருந்தே தீர வேண்டுமென்றால் வேளைக்குப் பாலோ பழமோ எடுத்துக்கொள்ளுங்கள், முருகன் கோபிக்க மாட்டார். எடை குறைப்பதும் அப்படித்தான், வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இளைத்தால் புதுக் கல்லுக்கு வழி.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் இரண்டு வாரம் எண்ணெய் குறைவு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். சிலருக்குச் சில வாரம் சாப்பிட்டதும் வயிறு இளகிப் போகும், தானாகச் சரியாகும். மாதக்கணக்கில் நீடித்தால் பித்த உப்பைக் கட்டிப்போடும் மருந்து இருக்கிறது. அல்வாவை ஒரு மாதம் கழித்து ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கள். கால் கிலோ பொட்டலத்தை ஒரே மூச்சில் முடிப்பது பித்தப்பை உள்ளவர்களுக்கே ஆகாது.

நாங்குநேரியிலிருந்து: செலவுக்கு அரசுத் திட்டத்தில் வழி உண்டா?

உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ரேஷன் அட்டை, குடும்பத்தார் ஆதார், வருமானச் சான்று இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அட்டை இருந்தால் சேரும் முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் முன் அனுமதி வாங்கச் சொல்ல வேண்டும். பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்பது நடக்காது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் போய்க் கேளுங்கள். நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும், அதனால் அடுத்த வலி வரும் வரை தள்ளிப் போடாமல் இப்போதே பெயர் கொடுங்கள்.

முக்கூடலிலிருந்து: பித்தப்பையை எடுத்து எட்டு மாதம் ஆகிறது. பழைய வலி மாதிரியே மறுபடி இரண்டு முறை வந்தது. பை இல்லாமல் எப்படி வலி வரும்?

பை போனாலும் குழாய் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே நழுவி இறங்கிய கல் குழாயில் தங்கியிருக்கலாம். எடுத்த பையின் கழுத்து நீளமாக மிஞ்சி அதில் கல் இருக்கலாம். குழாயின் வாயில் உள்ள தசை இறுகிப் பிடிப்பதாலும் வரும். இவை எதுவுமே இல்லாமல், ஆரம்பத்திலிருந்தே வலி இரைப்பைப் புண்ணாலோ அமிலம் மேலேறுவதாலோ வந்து, ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த கல் பழியை ஏற்றுக்கொண்டிருக்கவும் கூடும்.

வலி வந்த நாளிலோ மறுநாளோ ரத்தம் எடுத்துக் கல்லீரல் பரிசோதனையும், கணையத்துக்கான அமைலேஸ், லைபேஸும் பாருங்கள். வாரம் கழித்துப் போனால் எல்லாம் இயல்பாகிவிட்டிருக்கும், துப்பு கிடைக்காது. மதிப்புகள் உயர்ந்திருந்தால் எம்.ஆர்.சி.பி., இயல்பாக இருந்தால் எண்டோஸ்கோப்பி. போகும்போது ஆபரேஷன் குறிப்பையும் பயாப்சி ரிப்போர்ட்டையும் முதல் ஸ்கேனையும் எடுத்துப் போங்கள். எட்டு மாதத்துக்கு முன்பு சி.பி.டி. எத்தனை மி.மீ. இருந்தது என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.